வெள்ளிக்கிழமை ஊசி

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரித் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, நேற்றைய படகில் நவுசலா தீவிலிருந்து வந்து பாயில் அமர்ந்திருக்கும் உறவுகளே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பேராசிரியர் டாக்டர் மெரெயோனி நைசோரோ மறைந்து பத்து நாளாகிறது. அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நாற்பத்தைந்து வருடம் அவரோடு சண்டை போட்டவன் நான். எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்தச் சண்டைதான்.

இதே சுவா நகரில் நாங்கள் மருத்துவம் சேர்ந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. வழக்கமான படிப்பை முடித்தால் நேரே தீவுக்குப் போய் வைத்தியம் பார்க்கலாம். ஆராய்ச்சிப் படிப்பென்றால் மூன்று வருடம் கூடுதல். நான் முதலாவதை எடுத்தேன். பன்றி அறுத்து விருந்து வைத்து நவுசலா ஊரே தன் மகளென்று வழியனுப்பிய மெரெயோனி இரண்டாவதை எடுத்தார். ஊருக்குக் கோபம். எனக்கோ கேலி. ‘எலி டாக்டர்’ என்று பெயர் வைத்தவனே நான்தான்!

அவருடைய ஊருக்கு வைத்தியனாகப் போனவனும் நான்தான். தொண்டைவலியில் தொடங்கி இதயத்தைப் பிடிக்கும் காய்ச்சல் அங்கே பல பிள்ளைகளுக்கு இருந்தது. மாதம் ஒரு ஊசி தவறாமல் போட்டால் பிழைப்பார்கள். பத்துப் பேரில் நான்கு பேர் வரமாட்டார்கள். தாய்மார்களைத் திட்டினேன். தேவாலயத்தில் நின்றும் திட்டினேன். மூன்று ஊசி தவறிய செய்னி என்ற பதினொரு வயதுப் பிள்ளை என் கண்ணெதிரே இறந்தாள். அப்போதும் அவள் தாயைத்தான் திட்டினேன்.

பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஆராய மெரெயோனி வந்தார். சொந்த ஊர்தானே என்று, ஊருக்குள் வர அனுமதி கேட்டு வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு இல்லாமல் கைவீசிக்கொண்டு நுழைந்துவிட்டார். ஊர்த்தலைவர் மறித்தார். “மகளா வந்திருந்தா நேரா அடுப்படிக்குப் போ. காலேஜுல இருந்து வந்திருந்தா வாசல்லயே நில்லு.”

மெரெயோனி வாதாடவில்லை. திரும்பிப் போய், அடுத்த வாரம் வேர்க்கட்டோடு வந்து ஊர் முன்னால் வைத்து, அந்த வேரைக் கரைத்த பானக் கிண்ணம் எல்லோரிடமும் சுற்றி முடியும்வரை காத்திருந்தார். பிறகு இருபது நாள் வீடு வீடாக உட்கார்ந்து கேட்டார். கண்டுபிடித்ததை முதலில் ஊருக்குத்தான் சொன்னார். எனக்குக்கூட இல்லை! ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும். “டாக்டரய்யா, வெள்ளிக்கிழமைதானே எங்களுக்குப் படகு.”

நான் ஊசி போட்ட கிழமை வெள்ளி. சுவா சந்தைக்குப் போகும் ஒரே படகு வெள்ளி விடியலில் கிளம்பி, மறுநாள்தான் திரும்பும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவ்வளவுதான் விஷயம்! பத்து வருடத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவேண்டும் என்று தோன்றியதா? ஊசியைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். இளைய மகனோடு வரிசையில் முதலாவதாக நின்றவர் செய்னியின் தாய் கெலெரா. ஊசி முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மகனை அழைத்துப் போனார்.

இப்போது என் புதிய தவறைச் சொல்கிறேன். தீவுகளில் மருத்துவர் போதவில்லை, ஆகவே நம் கல்லூரியின் ஐந்து ஆராய்ச்சி இடங்களையும் மூடிவிடலாம், அதை ஓட்டெடுப்புக்கு விடுங்கள் என்று போன மாதம் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். நோய்ப்படுக்கையில் இருந்தவரிடம் அதைப் படித்தும் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆள் பத்தலைங்கிறது நெசந்தான், அபிசாய். ஓட்டெடுப்பு என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை காலையில.”

இருமல் வரும்வரை சிரித்தார். “படகு வர்றதே சாயங்காலம். தீவுக்காரங்கள கேக்காமலே முடிவு பண்ணப் போறியா? இன்னும் திருந்தலையா நீ?”

நண்பர்களே, கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். தீவுக்காரர்களும் வந்து பேசும்படி ஓட்டெடுப்பை அடுத்த சனிக்கிழமை காலைக்கு, படகு திரும்புவதற்கு முன்னால், மாற்ற வைத்திருக்கிறேன். அந்த ஐந்து இடங்களுக்காக முதலில் உயரும் கை என்னுடையதாக இருக்கும். அதில் சேருகிறவர்கள் வேர்க்கட்டோடு ஊருக்குள் போவார்கள், கண்டதை ஊருக்கே முதலில் சொல்வார்கள். மெரெயோனியின் பெயரால் இது என் உறுதி.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நான் கொண்டுவந்திருக்கும் இந்த வேர்க்கட்டு மெரெயோனிக்கு அஞ்சலியாக வைக்க என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. முன்வரிசைப் பாயில் கெலெரா அம்மா இருக்கிறார். மன்னிப்புக் கேட்கவும் வேர்க்கட்டைத்தான் வைப்போம்; அதை வைக்கவேண்டியவன் முப்பது வருடம் தாமதித்துவிட்டேன். மேடையிலிருந்து கேட்கக்கூடாது, இறங்கி வருகிறேன். அம்மா, செய்னி வராதது உங்கள் குற்றமில்லை.