வேவு பாக்க வந்தவருக்கு டீ

…அதுக்கில்ல தம்பி, வாரக்கணக்கா எங்க வாசல்ல காரைப் போட்டு உக்காந்துக்கிட்டு எங்களையே வேவு பாக்கறே, கக்கூசுக்கும் எங்க வீட்டுக்குத்தான் வருவியா? உங்க ஆபீசுல இதுக்கெல்லாம் ஒரு ஏற்பாடு பண்ண மாட்டாங்களா? அட, வெக்கப்படாதே! போனது போயாச்சு. கையைக் கழுவு. எங்கே ஓடறே? வீட்டுக்குள்ள கால் வெச்சவன் ஒரு துண்டு ரொட்டி பிட்டு வாயில போடாம போவானா? நீயெல்லாம் என்ன கிர்கிஸ்காரன்! பூட்ஸைக் கழட்டு. உள்ளே வா.

கதவோரமா உக்காராதே, உள்ளே தள்ளி மேல் எடத்துல உக்காரு, விருந்தாளி இல்லியா. தரை சில்லுனுதான் இருக்கும். என்ன பண்றது? வீட்டுல இருந்த கம்பளம், மெத்தை, போர்வை எல்லாத்தையும் எம்மக ஐஜார்கின் உள் ரூம்ல செவுத்துல மாட்டிட்டா. எதிரொலி கேக்கக் கூடாதாம். அவ சேனல் ஆபீசுக்கு உங்காளுங்க பூட்டு போட்டாலும் போட்டாங்க, இப்ப சேனலே என் வீட்டுலதான் நடக்குது. அவ செய்தி படிக்கறப்போ நான் இருமக் கூடாது, கெட்டில் கூவக் கூடாது, சேவல்… சேவலுக்கு யாரு சொல்றது? போன வாரம் அமைச்சரவைச் செய்திக்கு நடுவுல கூவிடுச்சு. அந்தச் செய்திக்குத்தான் லைக்கு ஜாஸ்தி!

டீ எடுத்துக்கோ. என்ன மொறைக்கறே, அரைக் கோப்பைதான் ஊத்தினேன்னா? ரொப்பி ஊத்தினா கெளம்புன்னு அர்த்தம் ஆயிடாதா? குடி, குடி, மறுபடி ஊத்தறேன். இந்தா போர்சோக், மாவை இப்பத்தான் எண்ணெயில பொரிச்சு எடுத்தேன்.

ஐஜார்கின் கலகம் தூண்டறாளாம்! கேஸு போட்டிருக்காங்க. அவளா? எலியைப் பாத்தா நாற்காலி மேல ஏறி நிக்கறவ! ஒரு ரோட்டு வீடியோ போட்டா, அவ்வளவுதான். மாவட்டத் தலைவரோட மச்சான் போட்ட ரோடு. பனி கொட்டக் கொட்ட, சேத்து மேலேயே தாரை ஊத்தினாங்க. மந்திரி வந்தாரு, ரிப்பன் வெட்டினாரு, போயிட்டாரு. பின்னாடியே ரோடும் போயிடுச்சு. வீடியோவுல ஒரு கை அந்த ரோட்டைக் கம்பளம் மாதிரி சுருட்டிக்கிட்டே போகுதே, நாடே பாத்துச் சிரிச்சுதே, அது யாரு கைன்னு நெனச்சே? எம்மக கையா? அவளுக்கு மெத்தை சுருட்டவே வராது! இதோ பாரு. இந்தக் கைதான். ஆடு ஓட்டிட்டுப் போறப்போ கால் தடுக்கிச்சு. பாத்தா ரோட்டோட ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒரு ஆசை, சுருட்டிப் பாத்துட்டேன். அப்புறம் நாந்தான் போன் போட்டு, "ஓடி வாடி, அம்மா மறுபடி சுருட்டறேன், படம் புடி"ன்னேன். நீங்க ஆளு மாறி வேவு பாக்கறீங்க! உங்க பெரிய அதிகாரிகிட்டச் சொல்லி எனக்கும் தனியா ஒரு கார் போடச் சொல்லு.

சிரி, சிரி. சிரிச்சா நல்லாத்தான் இருக்கே.

ஆனா தெமிரை நெனச்சா எனக்குச் சிரிப்பு நின்னுடுது தம்பி. அவளுக்குக் கேமரா புடிக்கற புள்ளை. சுருட்டினது நான், ஒடிஞ்சது அவன் கை. உனக்கு முன்னாடி ஒரு தாடிக்காரன் அதே எடத்துல கார் போட்டிருந்தான். ஒரு நாள் அவனுக்குப் போன் வந்துச்சு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். அப்பாடா, வாசல் காலின்னு நான் கூறு கெட்டவ சந்தோசப்பட்டேன். கொஞ்ச நேரத்துல முகமூடிக்காரனுங்க வந்தானுங்க, கட்டையோட. பட்டப்பகல்ல! கேமராவையும் ஒடைச்சானுங்க, கையையும் ஒடைச்சானுங்க. போலீசைக் கேட்டா சாட்சி இல்லியாம். நாங்க வேற, அவனுங்க வேறன்னு நீ சொல்லுவே. இருக்கட்டும். நீ வாசல்ல இருக்கற வரைக்கும் அவனுங்க வர மாட்டானுங்க, அது எனக்குத் தெரியும். அதான் காலையில எந்திரிச்சதும் மொத வேலையா ஜன்னலைத் திறந்து உன் காரு நிக்குதான்னு பாக்கறேன். கட்டின புருஷனைக்கூட நான் இப்படி எதிர்பாத்ததில்ல, போ! இன்னிக்கு அந்த மச்சான் கட்டின பள்ளிக்கூடத்தைப் பத்தி வீடியோ போடறா. உள்ளேதான் படிச்சிட்டிருக்கா…

உன் போன் அடிக்குது பாரு. எடு.

என்ன ஆச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு? காரை எடுக்கச் சொல்றாங்களா?

இரு. இருடா ராசா, உக்காரு. சாப்பிட்ட எடத்துல வாழ்த்து வாங்காம எந்திரிப்பியா? பெரியவ நான் வாழ்த்தி முடிச்சு ஓமின் சொல்லணும், அப்புறந்தான் எந்திரிக்கணும். ரெண்டு கையையும் ஏந்து. அல்லாவே, இந்தப் புள்ளைக்கு நீண்ட ஆயுசைக் குடு. இவனைப் பெத்தவளுக்கு முட்டி வலி வராம இருக்கட்டும். கல்யாணம் ஆச்சா? ஆகலியா? அல்லாவே, ஒரு நல்ல பொண்ணைக் குடு, என்னை மாதிரி வாயாடியா இல்லாம. இவன் ஆடு மாடு பெருகட்டும். மாடு இல்லியா? வாங்கட்டும். இவன் காரு டயர் என்னிக்கும் பஞ்சராகாம… இல்ல, இன்னிக்கு மட்டும் ஒரு டயர் பஞ்சராகட்டும். கையை எறக்காதே! போன் அடிச்சா அடிக்கட்டும். வரப்போற மாமியாரு இவனை…

எனக்குப் பயமா இருக்கு தம்பி. எனக்கு ஒத்தப் பொண்ணு. இப்படியே பொழுது சாயற வரைக்கும் வாழ்த்தி உன்னைக் கட்டிப்போட எனக்குத் தெரியும். ஆனா வந்த விருந்தாளியை மடக்கி வைக்கறது தப்பு. உனக்கும் பொழப்பு இருக்கு. சரி… ஓமின். கெளம்பு. பூட்ஸ் கதவுகிட்ட இருக்கு.

என்ன, எந்திரிக்கலியா? காலு மரத்துப் போச்சா? அதோ, மறுபடி அடிக்குது. எடுத்துப் பேசு, நான் காதைப் பொத்திக்கறேன்.

…என்ன சொன்னே அவங்ககிட்ட? பஞ்சரா? …நாலுமா? அட, நான் ஒண்ணுதானே ராசா கேட்டேன்!

ஐஜார்கின்! நீ பாட்டுக்குப் படி கண்ணு. தம்பி இங்கதான் இருக்காரு.