பெரிய செட்டின் ஐந்தாவது பெயர்

கபடி ஆடுகிற மண் சலித்த கேழ்வரகு மாவு மாதிரி இருக்க வேண்டும். அள்ளினால் கையில் ஒன்றும் உறுத்தக் கூடாது. எங்கள் மலையில் அப்படிப்பட்ட மண் தானாகக் கிடைக்காது. கொத்திவிட்டு, கல் பொறுக்கி, சாமை உமி கலந்து, தண்ணீர் தெளித்து நாமேதான் செய்துகொள்ள வேண்டும். ஒரு மழை அடித்தால் அடியில் கிடக்கிற கல் மறுபடி மேலே வந்துவிடும். அதனால் தினமும் பொறுக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் கபடிக்கு இரண்டு அணி, பெரிய செட்டு, சின்ன செட்டு. கல் பொறுக்குவது சின்ன செட்டின் வேலை. விடிந்ததும் சின்ன செட்டுப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து பொறுக்குவார்கள். அவர்கள் கூழ் குடிக்கப் போன பிறகு பெரிய செட்டு வந்து ஆடும். இந்த வழக்கத்தை வைத்தது நான். கீழே இருப்பவளுக்கு மேலே வர ஆசை வரவேண்டுமானால், கீழே இருப்பது கொஞ்சம் முதுகு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன். பெரிய செட்டு அவர்களைக் 'கல்லுக்காரிங்க' என்று கூப்பிடும். நான் கண்டித்ததில்லை.

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பட்டம் வாங்கிய முதல் பொம்பளை நான். இதைச் சொல்கிறவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வரும். காலேஜில், "மலையிலருந்து வந்தியே, தேன் கொண்டாந்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு தடவை தவறினால் போதும், 'அப்பவே சொன்னோமே' என்பார்கள் என்று தெரியும். நான் தவறவில்லை. என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

செந்தாமரையைக் கண்டெடுத்தது நான். நெல்லிவாசல்நாட்டில் அவள் அப்பா வேடியப்பன் புளியமரம் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தார். கீழே விழுகிற காய்க்கெல்லாம் இவள் தலையைக் கொடுக்காமல் வளைந்து வளைந்து ஓடிப் பொறுக்கினாள். பதினாலு வயது. அந்த இடுப்புத் திருப்பத்தைப் பார்த்துவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"கால்சட்டை போட்டு ஆட வெப்பியாமே டீச்சரம்மா" என்றார் வேடியப்பன், மரத்தின் மேலிருந்தே.

"ஆட வெப்பேன். படிக்கவும் வெப்பேன். எறங்கி வந்து பேசுங்க."

இறங்கி வந்தார். அனுப்பினார்.

அவளை நேராகப் பெரிய செட்டில் போட்டேன். இடம் வேண்டுமே, பாஞ்சாலியைச் சின்ன செட்டுக்கு இறக்கினேன். பாஞ்சாலி அழவில்லை. மறுநாளிலிருந்து கல் பொறுக்கினாள். நன்றாகவே பொறுக்கினாள்.

ஆலங்காயத்தில் நடந்த ஆட்டங்களில் செந்தாமரையைப் பிடிக்க ஆளில்லை. வேலூரில் பிடித்தார்கள். கீழ்நாட்டுப் பெண் ஒருத்தி, நல்ல கனம், இவள் நெஞ்சின் மேல் விழுந்து அமுக்கினாள். அன்றிலிருந்து இவள் பாட்டு அறுந்துபோனது. கபடி, கபடி என்று கோட்டைத் தாண்டுவாள், நாலடிக்குள் மூச்சு நின்றுவிடும். எங்கள் பிள்ளைகளோடு ஆடும்போதும் அப்படியே ஆயிற்று.

ஹெட்மாஸ்டர் ராஜாக்கண்ணு மலைக்குக் கீழே படவேட்டுக்காரர். கெட்ட மனிதர் அல்ல. கூப்பிட்டுச் சொன்னார்.

"சுந்தரம்மா, அந்தப் பொண்ண ஒரு வருசம் சின்ன செட்டுல போடும்மா. சின்னதுங்களோட ஆடட்டும். பயம் தெளிஞ்சா தானா மேல வரப்போறா."

"எறக்கினவ ஏற மாட்டா சார்."

"யார் சொன்னது?"

"பாஞ்சாலி ஏறினாளா?"

"நீ ஏத்துனாதானே ஏறுவா." சிரித்தார். பிறகு டீயை ஊதிக்கொண்டே, "உன் செலக்சன் தப்பாப் போச்சு. அத ஒத்துக்கினா இன்னா கொறஞ்சிடப் போற?" என்றார்.

அந்தப் பேச்சுக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. அவர் இப்படிப் பேசியதால் குறிப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் செந்தாமரையே குழாயடிக்கு வந்தாள்.

"டீச்சர், என்னைச் சின்ன செட்டுல போட்டுடுங்க."

"இன்னாத்துக்கு?"

"அங்க எல்லாரும் சிரிச்சிகினே ஆடறாங்க டீச்சர். நானும் கல்லு பொறுக்கறேன்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "இல்லியே" என்றாள்.

இந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மலைப்பிள்ளைக்கு வெட்கம் போய்விட்டால் அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. அவளுக்கு அது புரிகிற வயதில்லை. அவளுக்காக நான்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நிதானமாகத்தான் யோசித்தேன். இறக்கிவிட்டால், இவளால் முடியவில்லை என்பார்கள். அடிபட்டால், பாவம், முடிந்திருக்கும் என்பார்கள். அடிபட்டவளை யாரும் இறக்குவதில்லை. அவள் இடம் அவளுக்காகக் காத்திருக்கும். படுத்து எழுந்தால் பயமும் தெளியும். ஹெட்மாஸ்டர் அவளுக்கு ஒரு வருசம் கொடுக்கச் சொன்னார். நானும் அதையேதான் கொடுக்க நினைத்தேன். கொடுக்கிற விதம் வேறு.

மறுநாள் காலை சின்ன செட்டு பொறுக்கி முடித்துக் கூழுக்குப் போனது. பாஞ்சாலி மட்டும் வலது மூலையை இன்னொரு தடவை காலால் துழாவிக்கொண்டிருந்தாள். "போதும், போய்க் குடி" என்று அனுப்பினேன். பிறகு அதே வலது மூலையில் ஒரு கல்லைப் புதைத்தேன். செந்தாமரை அந்த மூலையில் இடது காலை ஊன்றித்தான் திரும்புவாள். எப்போதும் ஒரே இடம். அந்த இடத்தை அவளுக்குப் பழக்கியவள் நான். வேறு யாருக்கும் அடிபடக் கூடாது என்று அவளையே முதலில் பாடிப் போகச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

அன்றைக்கு அவள் பாட்டு அறுந்து போகவில்லை. கோட்டைத் தாண்டியும் தெளிவாகக் கேட்டது. ஒருத்தியைத் தொட்டாள், இன்னொருத்தியைத் தொட்டாள், மூச்சு அறாமல் நீண்டது, வேலூருக்கு முன்னால் இருந்த மாதிரி. இதை நான் கவனித்தேன். அவள் வலது மூலைக்குத் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை.

ஒரு சுளுக்கு போதும் என்று நினைத்ததாக உங்கள் ஏட்டிடம் முதலில் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்கிறேன். சுளுக்குக்கு உருண்டைக் கல் போதும். நான் எடுத்தது வெள்ளைக் கல், உடைந்த விளிம்போடு இருந்தது. சின்ன செட்டு பொறுக்கிப் போட்ட குவியலிலிருந்துதான் எடுத்தேன். வேறு கற்களையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டேன். விளிம்பு மேலே இருக்கும்படி நட்டு, ஒரு விரல் மண் மூடினேன்.

ஊன்றிய இடது கால் அதன் மேல் மடங்கி, எலும்பு வெளியே தெரிந்தது. நானே துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிப்போனேன். டாக்டரிடம் போனால் எப்படிப்பட்ட கல் என்று கேட்பார். புண் உள்ளேயே அழுகியது. புளி ஏற்றிப் போன லாரியில் கீழே கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது. வேலூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பாஞ்சாலியை ஹெட்மாஸ்டர் விசாரித்தார். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உனக்கு?"

"ரெண்டு வாட்டி பாத்தேன் சார். டீச்சரக் கேளுங்க."

என்னைக் கேட்டார். "இன்னும் கவனமாப் பாத்திருக்கணும்" என்றேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனதுமே மாமனுக்குப் பேசி முடித்துவிட்டதாகக் கேள்வி.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வேடியப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. எழுந்து நின்றார். மகள் விழித்திருந்தாள்.

"சின்ன செட்டு இன்னிக்கு ஆடினாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆடினாங்க."

"யாரு கெலிச்சா?"

நான் பார்க்கவில்லை என்றேன்.

நான் ஏன் தானாக வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஊரெல்லாம் பாஞ்சாலி சரியாகக் கல் பொறுக்கவில்லை என்கிறார்கள். அது பொய். அவள் கை பட்ட மண்ணில் கல் இருக்காது. அவளையும் நான்தான் பார்த்து எடுத்தேன். நான் பார்த்து எடுத்த எந்தப் பிள்ளையும் சோடை போனதில்லை. இது மட்டும் பதிவாக வேண்டும்.

ஹெட்மாஸ்டர் இப்போது செலக்சன் பற்றிப் பேசுவதே இல்லை. செந்தாமரை இருந்திருந்தால் இந்த வருசம் கோப்பை நமக்குத்தான் என்று எல்லாரிடமும் சொல்கிறார். நான் நினைத்தபடியேதான் நடந்திருக்கிறது.

விளையாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருக்கிறது. போய்ப் பாருங்கள். பெரிய செட்டில் ஐந்தாவது பெயர் செந்தாமரை. சாக்பீஸ் மங்கினால் மேலேயே எழுதிவிடுகிறேன். எல்லாரும் இறக்கச் சொன்னார்கள், அவளே கேட்டாள். நான் அவளை இறக்கவில்லை.