தொடரில் வந்த அண்ணி

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"நேத்து எங்க மாமியார் டிவியைப் பார்த்துக் கை தட்டினாங்கக்கா."

"பழைய நாவலைத் தொடரா எடுக்கிறாங்களே, அதுக்கா?"

"ஆமா. நாவல்ல அந்த அண்ணி காபி கொண்டு வர்றதோட சரி. தொடர்ல அவ கதைதான். நேத்து புருஷன் அடிச்சான்னு வீட்டை விட்டுப் போயிட்டா. உடனே மாமியார், 'நானும் இப்படித்தான் ஒரு தடவை ரயிலேற ஜங்ஷன் வரைக்கும் போனேன்'னாங்க."

"ஐயையோ! அப்புறம்?"

"அங்கேயே மயக்கம் வந்துச்சாம். வயித்துல பிள்ளைன்னு தெரிஞ்சு திரும்பிட்டாங்களாம்."

"அந்தப் பிள்ளைதான் உங்க வீட்டுக்காரரா?"

"அவரேதான். பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தார்."

அக்கா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை.

"'எந்த ஊருக்கும்மா கிளம்பினே?'ன்னு மட்டும் கேட்டார். 'அதைக்கூட நான் யோசிக்கலைடா'ன்னாங்க."