ஜக்கார்டுக்கு ஒரு மச்சு

சிவகுமார்: மெதுவா, மேஸ்திரி, மெதுவா! உத்திரம் தறி மேல சாஞ்சுடப் போவுது!

மேஸ்திரி: கீழ நின்னுகினு கத்தாதீங்க தம்பி. கயிறு எங்கைலதான கீது!

சிவப்பிரகாசம்: ஏறிடுச்சுடா! மஞ்சத்துணி கட்டினது ஆடுது பாரு... நம்ம கூடத்துல நின்னா வானம் தெரியுது!

சிவகுமார்: நாலு அடி ஏத்திட்டோம்பா! இந்தத் தெருவுலயே நம்ம கூரைதான் ஒசரம்!

சிவப்பிரகாசம்: சேலையில டிசைன் போடற ஜக்கார்டு பெட்டிய தறிக்கு மேல வெக்க இவ்ளோ ஒசரம் வேணுமாடா?

சிவகுமார்: வேணும்பா. காத்து வரணும்ல.

சிவப்பிரகாசம்: பெட்டிக்கா காத்து?

சிவகுமார்: ...டிசைன் அட்டைக்குப்பா. ஈரம் பட்டா ஊறிடும்.

சிவப்பிரகாசம்: சரி சரி. நடுவுல பலகை அடிச்சு மச்சு போடறாங்களே, அது?

சிவகுமார்: பெட்டி அதுமேல உக்காரும். நூலெல்லாம் கீழ தறிக்கு எறங்கும்.

சிவப்பிரகாசம்: எறங்கறதுக்குப் பலகையில ஓட்டை எங்க?

சிவகுமார்: அது... அப்பறமா அறுத்துக்கலாம்.

மேஸ்திரி: ஓட்டையா? கீழேர்ந்து பாத்தா ஒரு இடுக்குகூட தெரியக்கூடாதுன்னு நீங்கதான தம்பி சொன்னீங்க!

சிவகுமார்: மேஸ்திரி, நீங்க உங்க வேலையப் பாருங்க!

மேஸ்திரி: அதத்தான் பாத்துகினு கீறேன். மச்சுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான?

சிவப்பிரகாசம்: ஜக்கார்டு உள்ள போய்த் தாழ் போட்டுக்குமா?

சிவகுமார்: எலி பேஜார்பா...

சிவப்பிரகாசம்: எலிக்குத் தாழ்ப்பாளா! டேய், நான் பட்டு நெய்யறவன்டா. பட்டாணி விக்கறவன் இல்ல.

சிவகுமார்: சிரிக்காதப்பா. மேல ஆளுங்க பாக்கறாங்க.

சிவப்பிரகாசம்: சரி, சிரிக்கல. உம் பொண்டாட்டி ஸ்வர்ணலதா எப்ப வரா? தங்கச்சி வளைகாப்புன்னு தேசூர் போனவ. அந்தக் கொழந்த பொறந்து, பேரும் வெச்சாச்சாம்.

சிவகுமார்: வருவாப்பா. அங்க... வேலை.

சிவப்பிரகாசம்: அம்மா வூட்ல இன்னாடா வேலை? அவகூட பேசணும்னா நீ செல்போனத் தூக்கிகினு ஆத்தங்கரைக்கு ஓடற.

சிவகுமார்: இங்க சிக்னல் இல்லப்பா.

சிவப்பிரகாசம்: நேத்து நான் நூல் எடுக்கப் போகலடா. தேசூர் போனேன்.

சிவகுமார்: நீயா? எதுக்குப்பா? இன்னா சொன்னா?

சிவப்பிரகாசம்: காபி குடுத்தா. அவ ஒண்ணும் சொல்லல, அவங்கம்மாதான் சொன்னாங்க. நானு, உங்கம்மா, நீங்க ரெண்டு பேரு... தறிய சுத்திப் பாய் போட்டுப் படுக்கறோம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து புருசன்கூட மனசு விட்டு ஒரு வார்த்தை பேச எடமில்லயாம்.

சிவகுமார்: அதுக்குத்தாம்பா இப்ப...

சிவப்பிரகாசம்: இரு, நான் முடிக்கல. மச்சு கட்றோம், வாம்மான்னேன். மூஞ்சி மலர்ந்துடுச்சு. ஒடனே ஒண்ணு கேட்டா. "எதுக்குக் கட்றதுன்னு அவரு வாயத் தொறந்து உங்ககிட்ட சொன்னாரா மாமா?"

சிவகுமார்: ஐயோ...

சிவப்பிரகாசம்: எடம் இல்லன்னு போகலடா அவ. அவளுக்காக நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலன்னு போயிருக்கா.

சிவகுமார்: கூச்சமா இருந்துச்சுப்பா... நீ இன்னா சொன்ன?

சிவப்பிரகாசம்: சொல்லிட்டாம்மான்னு ஒரு பொய்ய அடிச்சுட்டேன். அப்பவே துணிமணிய அடுக்க ஆரம்பிச்சுட்டா. இன்னைக்கு மத்தியான பஸ்ல வந்துகினு இருக்கா.

சிவகுமார்: இன்னைக்கா! நெஜமாவா! ஓடே போடலயேப்பா... பரவால்ல, நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடறேன்!

சிவப்பிரகாசம்: நில்லுடா! வந்து எறங்கினதும் உங்கிட்ட அதத்தான் கேப்பா. என்னப் பொய்யனாக்கிடாத. சொல்லிட்டுப் போ.

சிவகுமார்: இப்பவா? மேஸ்திரி கேட்டுகினு இருக்காரு...

மேஸ்திரி: காதப் பொத்திக்கலாம்னா ரெண்டு கையும் உத்திரத்துல கீது தம்பி. ஜல்தியா சொல்லுங்க, பஸ்ஸு வந்துடும்!

சிவகுமார்: அப்பா... ஜக்கார்டு வாங்கற நெனப்பே எனக்குக் கெடையாதுப்பா. எனக்கும் ஸ்வர்ணாவுக்கும் ஒரு ரூம் வேணும்.