பின்பக்கத்துப் பட்டன்

மனித குலத்தின் முன்னேற்றம் என்பது, சும்மா கிடக்கும் விரல்களுக்கு வேலை கொடுத்த வரலாறு. இந்தப் பேருண்மை எனக்குப் புலப்பட்ட இடம், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஹபீபின் வீடியோ கேம் கடை.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். என் விரல்கள் உங்கள் மேசையில் தாளம் போடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். போன வருஷம், 2004 ஜூனிலிருந்தே அப்படித்தான்.

கால்பந்து ஆட்டத்தில் கட்டைவிரல்கள் ஓடி ஓடி உழைக்கின்றன. ஆள்காட்டி விரல்கள் மேலே காவல் காக்கின்றன. மற்ற ஆறும் ஜாய்ஸ்டிக்கின் பின்பக்கம் புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து கிடக்கின்றன. அதை நினைத்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. பாஸ் பட்டனிலிருந்து ஷூட் பட்டனுக்குக் கட்டைவிரல் நகரும் அந்த அரை நொடியில்தான் ஷாஜின் பந்தைப் பிடுங்குவான்.

ஷாஜின் எங்கள் ஷூ ஃபாக்டரியில் கட்டிங் பிரஸ் ஓட்டுபவன். நான் அங்கே எலக்ட்ரீஷியன். பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளரும்கூட. ஒவ்வொரு மார்ச்சிலும் பாதுகாப்பு தினத்தன்று மைக்கில் உறுதிமொழி வாசிப்பது நான்தான்.

ஃபாக்டரி ஸ்டோரில் கிடந்த சின்ன ஸ்விட்ச் ஒன்றை எடுத்தேன். என் சொந்த ஜாய்ஸ்டிக்கின் பின்பக்கம் ஓட்டை போட்டு, நடுவிரலுக்கு நேராகப் பொருத்தினேன். கட்டைவிரல் நகராமலே ஷூட். உடம்பில் புதிதாக ஓர் உறுப்பு முளைத்த மாதிரி இருந்தது.

அந்த ஸ்விட்சுக்கு ஒரு குணம். விரலை எடுத்த பிறகும் சில சமயம் தானாக இன்னொரு தடவை அடிக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாலிபர்கள் சூழ்ந்து நின்று பார்த்த ஆட்டத்தில், திரையில் என் ஆள் திரும்பி நின்று என் வலைக்குள்ளேயே ஓங்கி உதைத்தான்.

"இன்னாண்ணா, ஜாஸ்தியா ஒரு பட்டன் வெச்சிக்கினு ஒங்க கோல்லயே போட்டுட்டீங்க?" என்றான் ஷாஜின்.

"வுடுப்பா," என்றான் ஹபீப். "எது யார் கோலுன்னு அவரு கமிட்டியைக் கூட்டித்தான் சொல்லுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

மறுநாள் ஷாஜினின் பிரஸ்ஸைப் பார்த்தேன். தோல்மேல் கத்தி அச்சை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒன்றாக அழுத்தினால்தான் இரும்புத் தட்டு இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. ஆனால் எட்டு விரல்கள் சும்மா. பிடிக்க ஆளில்லாமல் தோல் நழுவுகிறது. பிரஸ்ஸின் கைப்பிடிக்குப் பின்னால் ஒரே ஒரு பட்டன் இருந்தால் வலது கை அழுத்தும், இடது கை தோலைப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொன்னதும், "டேஞ்சர் ஒண்ணும் இல்லியேண்ணா?" என்று கேட்டான் ஷாஜின்.

"செயலாளரே போட்டுத் தர்றேன்டா."

நம்பினான். மூன்று நாள் வேலை பறந்தது. சூப்பர்வைசர் லோகநாதன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஸ்டோரில் புது ஸ்விட்ச் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்தது, பெட்டி நிறைய. நான் போட்டது ஜாய்ஸ்டிக்கிலிருந்து கழற்றிய பழையதை. ஃபாக்டரிப் பொருள் ஃபாக்டரிக்கே திரும்ப வேண்டும் அல்லவா. அதனால் திருட்டு என்று எழுத முடியாது. அது தானாக இரண்டாம் தடவை அடிக்கும் என்பது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது. நான்காம் நாள் காலை, பத்தேகால் மணி. இடது கையில் மூன்று விரல்கள்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு விளையாட்டுக்காக இப்படிச் செய்கிற ஆள் இல்லை நான். மற்றதெல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன்.

கட்டுப் பிரித்த வாரமே ஷாஜின் ஹபீப் கடைக்கு வந்தான். அதற்குள் என் ஜாய்ஸ்டிக்கின் பின்பக்கம் ஸ்டோர் பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்விட்சைப் போட்டிருந்தேன். அவன் ஏழு விரலோடு விளையாடினான். நான் நாலுக்குப் பூஜ்யம் தோற்றேன்.