தானியேல் கேட்ட முதல் கேள்வி

புத்தக மதிப்புரை எழுதினால் பதவி உயர்வு கிடைக்காது, சார். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பதினோரு மதிப்புரை எழுதிய பிறகுதான் எங்கள் கல்லூரி முதல்வர் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார், நல்ல மனிதர்.

தானியேல் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அங்கேதான் வருகிறேன். நான் சமூகவியல் வாத்தியார். கலைச்செல்வன் சார் வகுப்பு என்றால் வரிசையாகத்தான் போகும் என்று பிள்ளைகளே கேலி பேசுவார்கள்.

மதிப்புரைக்கு மேல் படி, தொகுப்புக் கட்டுரை. ஒரு விஷயத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்துச் சாறு பிழிந்து கொடுப்பது. என் விஷயம் வதந்தி. அரைத்த மாவையே அரைத்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, கோட்பாட்டுக் கட்டுரை எழுதினேன். ஆதாரம் எங்கே என்றார்கள். மானாம்பதியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் ஊரில் எப்போதோ பரவிய புரளியை விசாரித்து, அந்த ஒரே ஊரைப் பற்றித் தனியாய்வு எழுதினேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆய்வு நெறி. அதற்கு வந்த பதில், 'முடிந்துபோனதைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், நடக்கும்போது அளந்தது ஒன்றுமில்லை.' நியாயமான பதில்தான். கள ஆய்வுக் கட்டுரைக்குத்தான் மதிப்பு, அதற்குப் புதுத் தரவு வேண்டும். இரண்டு வருஷம் காத்திருந்தேன். எந்த வதந்தியும் கிளம்பவில்லை. அதனால் ஒன்றை நானே கிளப்பினேன்.

ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினேன், சார். அதே ஊரில் செல்போன் கடை வைத்திருக்கும் தினேஷ்குமாருக்கு, வேறொரு எண்ணிலிருந்து. 'இந்தப் பக்கம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள், ஜாக்கிரதை.' அவ்வளவுதான். நாற்பத்தேழு நிமிஷத்தில் அது கண், காது, மூக்கு வைத்து என் போனுக்கே திரும்பி வந்தது. அதில் இரண்டு பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். கிட்னி எடுக்கிற கும்பல் சேர்ந்திருந்தது. யாரோ ஒரு குழந்தையின் படம்கூட இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் அதைத் தேதியும் நேரமும் போட்டுக் குறித்துக்கொண்டேன்.

அந்த வாரம் அந்த ஊரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அங்கன்வாடியில் பிள்ளைகளைவிடத் தாய்மார்கள் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். பவளம் என்று ஒரு பெண், தன் மகள் கீர்த்தியை முந்தானையால் இடுப்போடு கட்டிக்கொண்டு களை பறித்தாள். ஆண்கள் ஊர் முனையில் கட்டையோடு நின்றார்கள். பாத்திரக்காரர் ஒருவரை ஏரிக்கரை வரை விரட்டினார்கள்.

பயம் வந்துவிட்டது, சார். எவ்வளவு என்று அளக்க வேண்டாமா? நான் போனால் பலிக்காது. ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பித் தருகிற வாத்தியார் என்று எல்லாருக்கும் பழகிய முகம். பழகிய முகத்திடம் பயம் வெளியே வராது. புதுமுகம் வேண்டும். திருப்புட்குழி பக்கத்திலிருந்து தானியேலை வரவழைத்தேன். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதே அவன் பிழைப்பு. முப்பத்தைந்து வயது, பிரிஸ்கில்லா என்று மனைவி. அடையாள அட்டை கேட்டான். கொடுத்தால் ஜனங்களின் பதில் மாறிவிடும் என்பதால் கொடுக்கவில்லை. ஊரில் என்ன புரளி ஓடுகிறது என்பதையும் சொல்லவில்லை.

கேள்வித்தாள் நான் தயாரித்தது. முதல் கேள்வி: உங்கள் வீட்டில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் எந்த நேரத்தில் தனியாக இருப்பார்கள்?

காலை பத்தரை மணி. நான் தெருமுனை டீக்கடை பெஞ்சில் இருந்தேன். ஆறாவது வீட்டிலிருந்து வந்து போன் செய்தான்.

"சார், என்னப் பாத்தாலே கதவ சாத்திக்கிறாங்க சார். ரெண்டு ஆளு பின்னாலயே வந்துக்கினு கீறாங்க. பயமாக் கீது சார். வந்துடட்டா?"

"இன்னும் நாலு வீடுதான் தானியேல்" என்றேன்.

"சரிங்க சார்" என்றான். எதிர்த்துப் பேசத் தெரியாதவன்.

எட்டாவது வீடு கன்னியப்பனுடையது. கேள்வியை முடிக்க விடவில்லை. "எங்க புள்ளைங்கள எண்றதுக்கு நீ யார்ரா?" என்று சட்டையைப் பிடித்தார். அப்புறம் எங்கிருந்துதான் வந்தார்களோ, தெருவே நிறைந்துவிட்டது. நான் எழுந்து போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். தடுக்கவில்லை. கவனிக்கிறவன் குறுக்கே போனால் தரவு கெட்டுவிடும், இது முதலாமாண்டுப் பாடம்.

தானியேல் என்னைப் பார்த்துவிட்டான். "தோ, அந்த சார்தான் அனுப்பிச்சாரு, அவர கேளுங்க" என்று கையைக் காட்டினான்.

தாயாரம்மாள் என்ற பெரியம்மா இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். அந்த ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"இருங்கடா, அடிக்காதீங்க. வாத்தியார் படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு. சார், இவன் இன்னாமோ சொல்றானே. இவன உங்களுக்குத் தெரியுமா?"

அடி நின்றது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தானியேல் முகத்தில் நிம்மதி வந்தது, உதட்டில் ரத்தத்தோடு சிரிக்கக்கூடச் செய்தான். தெரியும் என்றால் எதற்கு அனுப்பினாய் என்பார்கள். அதைச் சொன்னால் அந்தச் செய்தி யாருடையது என்பதும் வெளியே வரும். அப்புறம் அந்தக் கட்டைகள் என் பக்கம் திரும்பும்.

"தெரியாதும்மா" என்றேன்.

தாயாரம்மாள் கையை இறக்கிவிட்டு ஒதுங்கினார். மற்றது உங்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது.

கட்டுரை போன மாதம் வெளியானது, அதைப் படித்துத்தானே என்னைத் தேடி வந்தீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை, சார். ஆய்வின் குறைகளை நேர்மையாகச் சொல்வதற்கென்றே கடைசியில் ஒரு பகுதி உண்டு. அதில் எழுதியிருக்கிறேன், நீங்களே பாருங்கள்: 'ஆய்வாளர் சம்பவ இடத்தில் இருந்தது முடிவைச் சிறிதளவு பாதித்திருக்கலாம்.'