பின்னணியில் ஓடுபவை

கம்ப்யூட்டர் மெதுவானால் எல்லோரும் முதலில் வைரஸைத்தான் திட்டுகிறார்கள். பாதி வீடுகளில் காரணம் வெறும் தூசி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறப் பஞ்சு போலப் படிந்திருக்கும். காற்று போக வழி இல்லாமல் உள்ளே சூடேறும். சூடேறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சின்ன பிரஷ் போதும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வேன். நடுவில் தும்மினால் பட்ட பாடெல்லாம் வீண்.

நீங்கள் எழுதும் வேகத்துக்கே பேசுகிறேன் ஐயா. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மேடம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். கட்டப்போகும் வீடுகளுக்கு வரைபடம் போடுவார். பெரிய திரை, பக்கத்தில் சுருட்டி வைத்த காகிதங்கள், ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல்தான் என் இடம். மாதம் ஒரு முறை போவேன். தூசி தட்டுவேன், அப்டேட் போடுவேன், வேண்டாத புரோகிராம்களை எடுப்பேன், பேக்கப் ஆகியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன். அவர் என்னை ‘டாக்டரே’ என்றுதான் கூப்பிடுவார். ‘டாக்டரே, இன்னிக்கு நாடி எப்படி இருக்கு?’ என்பார். நான் திரையையே பார்ப்பேன். அவர் சிரிப்பார். அந்த வீட்டில் எனக்கென்று தனி டீ கோப்பை இருந்தது. என் வீட்டில்கூட அப்படி ஒன்று கிடையாது.

பாஸ்வேர்டெல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவசரத்துக்கு உதவும் என்று, என் கடையில் உட்கார்ந்தபடியே அவர் மெஷினைத் திறந்து பார்க்க ஒரு வழியும் வைத்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார். வீட்டுக்காரரிடம் சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் தினமும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

அப்புறம் அவருடைய தம்பி வந்தார்.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, முப்பது தாண்டியவர். அச்சகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு வலிப்பு உண்டு. ஒரு நாள் அச்சு மெஷின் ஓடும்போது பக்கத்திலேயே விழுந்துவிட்டார். முதலாளி நல்லவர்தான், ஆனால் அதற்குப் பிறகு வேலைக்கு வைத்துக்கொள்ளப் பயந்தார். தனியாக இருக்கக் கூடாது என்று வைத்தியரும் சொல்லியிருந்ததால் அக்கா வீட்டோடு வந்துவிட்டார். வாய் ஓயாத ஆள். அக்காவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார். ‘எங்கக்கா ஊருக்கெல்லாம் வீடு வரையறா, எனக்குன்னா ஒரு மூலைதான் தரா’ என்பார். மேடம் ஸ்கேலை எடுத்துக்கொண்டு துரத்துவார். இதெல்லாம் நான் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடக்கும்.

தம்பிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும். அச்சகத்தில் பழகியது. அடுத்த மாதம் நான் போனபோது ஃபேன் ஏற்கெனவே துடைத்திருந்தது. பெயின்ட் பிரஷால் துடைத்திருக்கிறார். முடி ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

‘இனிமே தம்பியே பாத்துக்கறேங்கறான் டாக்டரே. உங்களை எதுக்கு அலைய விடணும்?’ என்றார் மேடம். நல்ல மனசோடுதான் சொன்னார். டீயும் கொடுத்தார். ஆனால் அந்தக் கோப்பையில் தம்பி பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார். எனக்கு வேறொன்றில் வந்தது.

நான் கோபப்படவில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் ஒரு நல்ல மெஷின் மாட்டியிருக்கிறதே என்ற கவலைதான். அதனால் கடையிலிருந்தே அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டேன். ஒரு வாரம் அதன் பின்னணியில் சில வேலைகளை ஓடவிட்டேன். திரையில் ஒன்றும் தெரியாது. மெஷின் மட்டும் மூச்சு வாங்கும். மேடம் கூப்பிட்டார். போய்ச் சரிசெய்தேன். கிளம்பும்போது ஒரு கேள்விதான் கேட்டேன்.

‘யாராவது எதையாவது இறக்கினாங்களா மேடம்?’

அவர் தம்பி இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு ஒரு வரைபடத்தில் மாடிப்படியின் அளவு மாறியது. படியின் உயரத்தைக் கொஞ்சம்தான் கூட்டினேன், பார்த்தவுடன் தெரியாது. கட்டட எஞ்சினியர் தொழிலாளிகள் முன்னால் நின்றுகொண்டு மேடத்திடம், ‘இந்தப் படியில யாரு ஏறுவாங்க, ஒட்டகமா?’ என்று கேட்டாராம். மேடம் எனக்குப் போன் செய்து அழுதார். போய்ப் பார்த்தேன். கடைசியாக அந்த ஃபைல் திறக்கப்பட்டது, அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில். அதைத் திரையிலேயே காட்டினேன்.

‘அப்போ வீட்டுல யார் இருந்தாங்க மேடம்?’

அவர் புது பாஸ்வேர்டு போடச் சொன்னார், தம்பிக்குத் தெரியாமல். போட்டுக் கொடுத்தேன். பிறகு, தம்பி அந்தப் பாஸ்வேர்டையும் எப்படியோ தெரிந்துகொண்டு மறுபடியும் உள்ளே வந்ததுபோல ஆயிற்று. நான்தான் வந்தேன்.

அந்த வீடு மாறிப்போனதை நான் கண்ணாலேயே பார்த்தேன். மேடம் குளிக்கப் போனாலும் வேலை அறையைப் பூட்டிக்கொண்டு போனார். நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருந்தால் யார் உட்கார்ந்தது என்று கேட்டார். கீபோர்டின் மேல் ஒரு காகிதத்தை ஒரு தினுசாக வைத்துவிட்டு, திரும்பி வந்து அது அப்படியே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தம்பி கிண்டல் பண்ணுவதை நிறுத்தினார். பக்கத்து அறையில் அவர் இருமினால்கூட மேடத்தின் கை திரையை அணைக்கப் போகும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். பழைய கோப்பை திரும்ப வந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெரிய சண்டை. ‘உன் சோத்தைத் தின்னுக்கிட்டு உனக்கே குழி பறிப்பேனா அக்கா?’ என்று தம்பி கேட்டாராம். மேடம் வாயைத் திறக்கவில்லையாம். அந்த மௌனம்தான் அவரை வெளியே அனுப்பியது. அடுத்த தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே சின்ன அறை எடுத்துக்கொண்டு போனார்.

போன பிறகு ஒரு தடவை என் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

‘அண்ணா, நீங்க சொன்னா அக்கா கேப்பாங்க. நான் எதையும் தொடலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.’

‘நான் அங்க இல்லையே தம்பி. எப்படிச் சொல்றது?’

‘யாரு தொட்டாங்கன்னு மெஷினைப் பாத்தா தெரியாதா?’

‘சில சமயம் தெரியும்.’

அவர் என் மேஜையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். ‘எனக்கு என் மேலேயே சந்தேகமா இருக்கண்ணா. வலிப்பு வந்தா கொஞ்ச நேரம் என்ன பண்ணினேன்னே ஞாபகம் இருக்காது. அந்த நேரத்துல போய் ஏதாவது பண்ணிட்டேனோ?’

‘இருக்கலாம்’ என்றேன்.

அவருக்கு அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதுவரை காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கிப் போனார்.

சண்டை போட்டாலும் ரத்த பந்தம் விடாது பாருங்கள். தம்பி கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பார். வலிப்பில் கை வெட்டி இழுத்தால் அதுவே தெரிந்துகொண்டு மேடத்தின் மெஷினுக்குச் செய்தி அனுப்பும். திரை சிவப்பாகி மணி அடிக்கும், யாராவது நிறுத்தும்வரை விடாது. வேலை நேரத்தில் மேடம் போனை வேறு அறையில் வைத்துவிடுவார் என்பதால் மெஷினிலேயே அதைப் போட்டிருந்தார்கள். சும்மா இருக்கும்போது திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. தம்பி வெளியே போன பிறகு மேடம் வரைவதைவிட அந்தப் புள்ளியைப் பார்ப்பதுதான் அதிகமாக இருந்தது. தம்பி கதவை வேகமாகச் சாத்தினால்கூடச் சில சமயம் மணி அடித்துவிடும். மேடம் செருப்புக்கூடப் போடாமல் அடுத்த தெருவுக்கு ஓடுவார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அங்கேயே இரண்டு பேரும் சிரிப்பார்களாம். அப்படி ஒரு முறை திரும்பி வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: ‘போனது போகட்டும் டாக்டரே. அவனைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கு.’

மெஷின் திறந்ததும் தானே ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் வேகத்தைக் குடிக்கும். தேவையில்லாததை எடுப்பது என் வழக்கம். அந்த மணியும் அப்படிப்பட்டதுதான். முழுக்க எடுத்தால் மேடம் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அதை யாருடைய கடிகாரமும் இல்லாத ஒரு வெற்றுக் கணக்கோடு இணைத்துவிட்டேன். பச்சைப் புள்ளி எப்போதும் பச்சையாகவே இருக்கும். தம்பியின் உண்மையான கணக்கை என் லேப்டாப்பில் போட்டுக்கொண்டேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று.

நீங்கள் என்னைப் பிடித்தது எப்படி என்று எனக்குத் தெரியும். தம்பி இறந்த பிறகு மேடம் மெஷினைத் திறக்கவே இல்லை. என்னையும் கூப்பிடவில்லை. வாரக்கணக்கில் ஆயிற்று. பிறகு ஒரு நாள் வேலையைத் தொடங்கினார் என்பதைக் கடையிலிருந்தே பார்த்தேன். ஒரே ஒரு ஃபைலை மறைத்து வைத்தேன், சின்ன ஃபைல். என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. தம்பிதான் இல்லையே, பிறகு இதை யார் செய்தது என்று யோசித்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெண் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து என் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரப் பெண். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்பது அந்த ஒரு காலையைப் பற்றி. சொல்கிறேன்.

கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். லேப்டாப் சிவப்பாகி மணி அடித்தது. கதவைச் சாத்தியிருப்பார் என்று நினைத்தேன். பெருக்கி முடித்தேன். அது நிற்கவில்லை. கதவென்றால் அவரே கடிகாரத்தைத் தட்டி நிறுத்திவிடுவார் என்பது எனக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் போன் வந்தது. லேப்டாப்பின் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன்.

‘டாக்டரே, தம்பிகிட்ட பேசலாம்னு கூப்பிட்டேன், எடுக்கவே மாட்டேங்கறான். மனசு என்னமோ பண்ணுது. இங்க பச்சையாத்தான் இருக்கு. இது சரியாத்தான் காட்டுதா?’

தையல் கடை அவருக்கு அடுத்த தெருதான். ஓடினால் போய்விடலாம். தம்பி தலையணையில் முகம் புதைந்து குப்புறக் கிடந்தார் என்றும், யாராவது வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் போதும் என்றும் பிறகு சொன்னார்கள். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் முன்னால் இருந்த சிவப்புத் திரை மட்டும்.

‘சரியாத்தான் காட்டுது மேடம். பயப்படாதீங்க. தூங்கிட்டிருப்பார்.’

‘அப்பாடா’ என்றார். ‘நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி.’

இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அன்றைக்கு அவர் வேறு யாரையும் கேட்கவில்லை, என்னைத்தான் நம்பிக் கேட்டார்.